முதுகில் விழுந்த பூக்கள்

ராஜமகேந்திரவரம் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது ஸ்ரவந்தி ஒரு தீர்மானத்தோடு இறங்கினாள். இன்று சாயங்காலத்துக்குள் அப்பாவின் வாயிலிருந்து இரண்டு வார்த்தைகளை வரவழைத்துவிட வேண்டும். ‘அடுத்த வருஷம்.’ அவ்வளவுதான்.

அவள் நான்னா என்று கூப்பிடும் அப்பா, முக்காமல உமாபதி அவதானியை கோதாவரிக் கரையில் தெரியாதவர்கள் குறைவு. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து எட்டு விதமாகக் குடைவார்கள். அவர்களில் பாட்டுக் கேட்பவர்களுக்கு அவர் காகிதத்தைத் தொடாமல் பாட்டுக் கட்டுவார், சுற்றுக்கு ஓர் அடியாக. கடைசியில் அத்தனை பாட்டையும் முதலிலிருந்து ஒப்பிப்பார். மேடையேறிய நாளிலிருந்து ஓர் அடி பிசகியதில்லை.

போன கார்த்திகையில் காக்கிநாடாவில் பிசகியது. முதல் பாட்டின் நான்காம் அடி வரவேண்டிய இடத்தில் மூன்றாம் பாட்டின் நான்காம் அடி வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு பாட்டும் நதியைப் பற்றியவை, சந்தமும் ஒன்று. மனிதர் அசரவில்லை. மூன்றாம் பாட்டின் முறை வந்ததும் அதற்குப் புதிதாக ஓர் அடியை அங்கேயே கட்டிப் போட்டுவிட்டார். சபை கை தட்டியது. கேள்வி கேட்டவர்கள் மரியாதைக்கு வாயைத் திறக்கவில்லை. ஹைதராபாதில் உட்கார்ந்து வீடியோ பார்த்த ஸ்ரவந்தி மட்டும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். கொழுத்த எலிகளின் மூளையை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் அவள் வேலை.

அதற்குப் பிறகு அவள் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனதும், மூன்று மாதச் சர்க்கரை பத்தைத் தாண்டியிருந்ததும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று முகமூடி மிஷின் கொடுத்ததும் பழைய கதை. புதுக் கதை, விஜயவாடா சபை அவரைச் சதாவதானத்துக்கு அழைத்திருப்பது. எட்டுப் பேர் இல்லை, நூறு பேர். வருகிற உகாதிக்கு. இன்று மாலை உள்ளூர் மேடையில் அஷ்டாவதானம் முடிந்ததும் அந்த அறிவிப்பு.

ஸ்ரவந்தி வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சாப்பாட்டு மேஜையில் இருந்தார். எதிரே ஒரு பெசரட்டு, பாசிப்பயறு தோசை. ஒன்றே ஒன்று. உப்புமா இல்லை, நெய் இல்லை. பக்கத்து நாற்காலியில் அவருடைய பால்ய நண்பர் ராமபத்ரம், வற்றல் மிளகாய் மாதிரி மெலிந்த மனிதர், மடியில் பூத்தரேகுலு இனிப்புப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா தல்லி. உன் நான்னா நிலைமையைப் பாரு. முந்தியெல்லாம் இவன் சாப்பிட உட்கார்ந்தா அடுப்பு அழும். இப்ப இவன் அழறான்,” என்றார் ராமபத்ரம்.

“நான் எங்கேடா அழுதேன்? மெதுவா மென்னு சாப்பிடறேன்,” என்றார் உமாபதி.

“ராத்திரி முகமூடி வேற மாட்டிக்கறானாமே. அண்ணி பாவம். பக்கத்துல விமானப்படைக்காரன் படுத்திருக்கான்னு நினைச்சுக்க வேண்டியதுதான்.”

“பாபாய், அந்தப் பெட்டி எதுக்கு?” என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்டாள் ஸ்ரவந்தி.

“நல்ல நாள்னு கொண்டு வந்தேன். நான் சாப்பிடறேன், அவன் பார்க்கட்டும். அவதானம்னா அதுவும்தான்.”

உமாபதி சிரித்தார். சிரிக்கும்போது மேஜை லேசாக ஆடியது. ஆள் இளைத்திருந்தார், ஆனால் பத்துப் பேர் பார்த்துச் சொல்கிற அளவுக்கு இல்லை. அவருடைய அகன்ற தோளும் தடித்த மணிக்கட்டும் ஸ்ரவந்திக்கும் உண்டு. கல்லூரியில் அதைக் கேலி செய்தவர்களை அவள் இன்னும் மறக்கவில்லை. அதனால் அப்பாவின் உடம்பைப் பற்றி ஒரு சுடுசொல்லும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

“ரிப்போர்ட் வந்துது. எட்டுக்கு வந்துட்டேன்,” என்றார் அவர். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் குரல்.

“நல்லா இறங்கியிருக்கு நான்னா. இன்னும் இறங்கணும்.”

“இறங்கும். எங்க போயிடும்?”

அம்மா ஹைமவதி சமையலறையிலிருந்து வரவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை. பெண்கள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். பேசவேண்டியதைப் பேசிவிடுகிற ரகம். ஸ்ரவந்தி உள்ளே போனாள்.

“நான் சாயங்காலம் வரலை,” என்றாள் ஹைமவதி, திரும்பாமலே.

“ஏம்மா?”

“எட்டுப் பேருக்கு முன்னாடி இவர் தடுமாறினதைப் பார்த்தாச்சு. நூறு பேருக்கு முன்னாடி தடுமாறப்போறேன்னு மேடையிலேயே அறிவிப்பு செய்வாராம். அதுக்கு நான் முன் வரிசையில உட்கார்ந்து கை தட்டணுமா?”

“தடுமாறுவார்னு ஏன் முடிவு பண்ணிட்டே?”

ஹைமவதி காஸைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். “போன வாரம் ஸ்கூட்டர்ல கோட்டகும்மம் கடைத்தெருவுக்குப் போனார். காய் வாங்கினார். நடந்தே வீட்டுக்கு வந்தார். வந்து, ஸ்கூட்டரைக் காணோம், வீட்டு வாசல்ல இருந்து யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லி ஸ்டேஷன்ல புகார் கொடுத்துட்டார். வெள்ளரிக்காய் விக்கிற அம்மா போன் பண்ணி, வண்டி என் கடையை மறைச்சுட்டு நிக்குது, எடுத்துட்டுப் போங்கன்னா.”

“நான்னா என்ன சொன்னார்?”

“அதை வச்சு நாலு வரி பாட்டுக் கட்டினார். இன்ஸ்பெக்டர் சிரிச்சு டீ வாங்கிக் கொடுத்தாராம். எனக்குச் சிரிப்பு வரலை.”

ஸ்ரவந்திக்கும் வரவில்லை. ஆனால் அவள் பயப்படவும் இல்லை. பயப்படுவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். “நான் பேசறேன்மா,” என்றாள்.

“நீ பேசு. உன் பேச்சுக்கு மட்டும்தான் அந்த மனுஷன் கொஞ்சம் யோசிக்கிறார்.”

வெயில் தாழ்ந்ததும் அப்பாவும் மகளும் கோதாவரிப் படித்துறையான கோடிலிங்கால ரேவுக்கு நடந்தார்கள். இது அவருடைய தினசரி நடை. மூச்சு வாங்கினால் படியில் உட்காருவார், பிறகு எழுந்து நடப்பார். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

“உன் எலிங்க எப்படி இருக்கு?” என்று அவரே ஆரம்பித்தார்.

“ரெண்டு கூட்டமா வச்சிருக்கோம். ஒண்ணுக்குச் சாதாத் தீனி. இன்னொண்ணுக்குக் கொழுப்பும் சர்க்கரையுமா.”

“ரெண்டாவது கூட்டம் நம்ம கோதாவரி ஜில்லாச் சாப்பாட்டுக்காரங்க.”

“அதுங்களுக்கு ரெண்டு கிண்ணம் வைப்போம் நான்னா. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கொஞ்சம்தான் வித்தியாசம். ஒண்ணுல மட்டும் தீனி. சாதா எலி சீக்கிரம் பிடிச்சுக்கும். கொழுத்த எலி கிண்ணத்தை மறக்கறதில்ல. ரெண்டு கிண்ணத்தையும் ஒண்ணா நினைச்சுக்குது.”

அவர் நடை நின்றது.

“காக்கிநாடா,” என்றார்.

“ம்.”

“மறக்கலை ஸ்ரவந்தி. அன்னிக்கு ரெண்டு அடியும் என்கிட்ட இருந்துது. எது யாரோடதுன்னுதான் தெரியலை. ரெண்டு பாட்டும் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கிச்சு. இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. நீ எலியை வச்சுச் சொல்றே.”

அவர் படியில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

“ஏன் அப்படி ஆகுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. புகழ்ந்து பேசாதே, பயமுறுத்தாதே.”

“மூளைக்குள்ள ஒரு சின்ன மூலை இருக்கு. ஒரே சாயல்ல இருக்கற ரெண்டு விஷயத்தைப் பிரிச்சு வைக்கறது அதோட வேலை. வளர்ந்த எலியில கூட அங்க புதுசா செல்லுங்க பொறக்கறதை நாங்க பார்க்கறோம். மனுஷங்களுக்கு எவ்வளவு பொறக்குதுன்னு இன்னும் சண்டை நடக்குது. கொழுப்புத் தீனி தின்ன எலியில அந்தப் புதுச் செல்லுங்க குறைஞ்சுடுது. இருக்கறதும் நோஞ்சானா, கிளை விடாம நிக்குது.”

“சர்க்கரைதான் நிறைய இருக்கே. ஏன் நோஞ்சான்?”

“வெளியில இருக்கு. உள்ள போகணுமே. இன்சுலின் வாசல்ல நின்னு கூப்பிடும். உள்ள இருக்கற செல்லுக்கு நாளாக ஆகக் காது மந்தமாயிடும். இது போதாதுன்னு தெரு கூட்டறவங்க மாதிரி சில செல் இருக்கு. குப்பையை எடுக்கறது அதுங்க வேலை. உடம்பு எப்பவும் கொதிச்சுட்டே இருந்தா அதுங்களுக்கும் வெறி பிடிச்சுடுது. குப்பையோட சேர்த்துக் கொடியில காயற வேட்டியையும் சுருட்டிட்டுப் போயிடும்.”

“வேட்டின்னு நீ எதைச் சொல்றே?”

“ஒரு செல்லுக்கும் இன்னொரு செல்லுக்கும் நடுவுல இருக்கற இணைப்பை.”

உமாபதி தலையை ஆட்டினார். சந்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற அதே தலையாட்டல். “செத்துப்போச்சா, களைச்சுப்போச்சா?”

“பெரும்பாலும் களைப்பு. எலிக்குத் தீனியை மாத்தினோம். ஓடறதுக்குச் சக்கரம் வச்சோம். நிறையத் திரும்பி வந்துது. எல்லாமே வந்துதுன்னு சொல்ல மாட்டேன். கிழட்டு எலிக்குக் கொஞ்சம் லேட்டாச்சு.”

“நான் எந்த எலி?”

“நடுவாந்தரம்.”

அவர் உரக்கச் சிரித்தார். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“நான்னா, நீங்க எலி இல்ல. எலிக்குச் சரியானது உங்களுக்கும் அப்படியே ஆகும்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனா சர்க்கரை இறங்குது, தூக்கம் சரியாகுது, நடக்கறீங்க. ஒரு வருஷம் கொடுத்துப் பாருங்க. சதாவதானத்தை அடுத்த வருஷம் வச்சுக்கலாம்னு சொல்லிடுங்க.”

“அதான் விஷயமா?” அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். “நூறு பேருக்கு நான் தயார்னு என் மனசு சொல்லுது. தயார் இல்லைன்னு உன் எலி சொல்லுது. இன்னிக்கு மேடை சொல்லட்டும். பூப் போட வேண்டிய சாஸ்திரிக்குக் காய்ச்சல், வரமாட்டார். நீ உட்காரு.”

“நானா?”

“எட்டுப் பேர்ல அதுக்குத்தான் இலக்கணம் தெரிய வேண்டாம். என் முதுகுல ஒவ்வொரு பூவா போடணும், போட்டதை மனசுல எண்ணிக்கணும். கடைசியில நான் எண்ணிக்கை சொல்லுவேன். சரியா தப்பான்னு நீ சபைக்குச் சொல்லணும்.” அவர் அவளை நேராகப் பார்த்தார். “பொண்ணா எண்ணாதே. உன் எலிங்களை எண்ணற மாதிரி எண்ணு.”

மண்டபம் நிறைந்திருந்தது. உமாபதி கஞ்சி போட்ட வேட்டியும் பட்டு மேல்துண்டுமாக நடுவில் உட்கார்ந்தார். அந்த உடம்பு மேடையில் ஒரு பாரமாகத் தெரியவில்லை, ஓர் இருப்பாகத் தெரிந்தது. ஸ்ரவந்தி அவருக்குப் பின்னால், மடியில் சாமந்தித் தட்டோடு. முன் வரிசையில் அம்மாவின் நாற்காலி காலி.

நான்கு பேர் பாட்டுக் கேட்டார்கள். ஒருவர் ஆற்றில் மிதக்கும் விளக்கைப் பற்றிக் கேட்டார். நான்காமவர் வீட்டு வாசலில் ஏற்றிய விளக்கைப் பற்றிக் கேட்டார், அதே சந்தத்தில். வேண்டுமென்று செய்ததில்லை, தானாக அமைந்தது. ஸ்ரவந்திக்கு மட்டும் தன் எலிகள் ஞாபகம் வந்தன. இரண்டு கிண்ணங்கள்.

அப்பா ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி சொல்லிக்கொண்டே போனார். நடுநடுவே குறுக்கே பேசிக் குழப்புவது ராமபத்ரத்தின் பங்கு.

“அவதானிகாரு, ஊர்ல ஒரு சந்தேகம். உங்க வயித்துக்குள்ள என்னதான் இருக்கு?”

“இத்தனை வருஷமா நீங்க கேட்ட உருப்படாத கேள்வி எல்லாம். வெளியில விட்டா ஊர் தாங்காதேன்னு நானே வச்சிருக்கேன்.”

சபை ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்தின் நடுவில் ஸ்ரவந்தி ஒரு பூவைப் போட்டாள். அது துண்டின் மடிப்பில் சத்தமில்லாமல் சறுக்கியது. அவருக்குத் தெரிந்ததா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டு ஓடும்போது ஒன்று, கேள்வி நடக்கும்போது ஒன்று என்று போட்டுக்கொண்டே வந்தாள். ஒருமுறை, அவர் தண்ணீர் குடிக்கும் வரை காத்திருந்து போடலாமா என்று கை தயங்கியது. அது எண்ணுவதற்குச் சுலபமான நேரம். தயங்கிய கையை அவளே வெறுத்து, கடினமான இடத்திலேயே போட்டாள்.

பிறகு தாரணை வந்தது. எல்லாவற்றையும் திருப்பிச் சொல்கிற நேரம்.

முதல் பாட்டு வந்தது. இரண்டாவது, மூன்றாவது தங்குதடையில்லாமல் வந்தன. நான்காம் பாட்டின் மூன்று அடிகள் மணியாக விழுந்தன. நான்காம் அடிக்கு முன் அவர் நின்றார்.

அவருடைய கழுத்தில் வியர்வை இறங்குவதை ஸ்ரவந்தி பார்த்தாள். ஒரு புது அடியைக் கட்டிப் போட அவருக்கு இரண்டு நொடி போதும். காக்கிநாடாவில் போட்டார். இங்கேயும் யாரும் கேட்கப்போவதில்லை.

அவர் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

“கொஞ்சம் பொறுங்க. ரெண்டு விளக்கும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. எது ஆத்துல, எது வாசல்லன்னு பார்த்துட்டு வரேன்.”

அவர் கண்ணை மூடி முதல் அடியிலிருந்து உதட்டுக்குள் திரும்பப் போனார். இரண்டாம் அடி. மூன்றாம் அடி. பிறகு நான்காம் அடி குரலோடு வெளியே வந்தது. வாசலில் ஏற்றிய விளக்கேதான். கேள்வி கேட்டவர் எழுந்து நின்று கும்பிட்டார். மண்டபம் அதிர்ந்தது.

கைதட்டல் அடங்கியதும், “பூக்கள்?” என்று கேட்டார் அவதானத்தை நடத்திய தலைவர்.

“இருபத்தேழு,” என்றார் உமாபதி, ஒரு கணமும் யோசிக்காமல்.

எல்லோரும் ஸ்ரவந்தியைப் பார்த்தார்கள். முகங்களில் ஏற்கனவே அடுத்த கைதட்டல் தயாராக இருந்தது. ‘சரி’ என்ற ஒரே சொல், அவ்வளவுதான் வேண்டும். போட்ட கணக்கு அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய முதுகு அசையாமல் காத்திருந்தது.

“இருபத்தொன்பது, நான்னா,” என்றாள் அவள். மைக்கில் அது எதிர்பார்த்ததைவிடச் சத்தமாகக் கேட்டது.

சபையில் ஒரு முனகல் ஓடியது. “பெத்த பொண்ணே இப்படியா?” என்று யாரோ சொன்னார்கள்.

உமாபதி மெல்லத் திரும்பினார். நாற்காலி முனகியது. அவர் முகத்தில் அடிபட்ட ஒரு நிழல் வந்தது, போயிற்று. அது போன பிறகு மிஞ்சியது என்ன என்று ஸ்ரவந்திக்கு அப்போது புரியவில்லை. பிறகு யோசித்தபோது அதற்கு நிம்மதி என்று பெயர் வைத்தாள்.

“என் பொண்ணு எண்ணினா சரியாத்தான் இருக்கும்,” என்றார் சபையைப் பார்த்து. “ரெண்டு பூ எனக்குத் தெரியாம விழுந்திருக்கு.”

“இந்தப் பரப்புல ரெண்டு பூ தொலையறது அதிசயமா? ஆள் விட்டுத்தான் தேடணும்,” என்றார் ராமபத்ரம். இறுக்கம் உடைந்து மண்டபம் சிரித்தது. சிரித்துக்கொண்டே ராமபத்ரம் தன் துண்டால் கண்ணைத் துடைத்ததைப் பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் பார்த்தார்கள்.

உமாபதி எழுந்து நின்றார். அறிவிப்புக்காக மேடை ஓரத்தில் காத்திருந்த விஜயவாடா சபைச் செயலர் சந்நியாசி ராஜுவைக் கையமர்த்தினார்.

“நூறு பேர் கூப்பிட்டிருக்காங்க. நான் வருவேன். அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா இந்த உகாதிக்கு இல்ல, அடுத்த உகாதிக்கு. எனக்குச் சர்க்கரை இருக்கு. என் மூளைக்குள்ள சில பேர் காது மந்தமா உட்கார்ந்திருக்காங்க. அவங்களை எழுப்பற வேலை நடந்துட்டிருக்கு. முக்கால்வாசிப் பேர் எழுந்தாச்சு, இன்னிக்குப் பார்த்தீங்க. மீதிப் பேரையும் கூட்டிட்டு வரேன். அப்ப நூறு பேரும் நல்லாத் தயார் பண்ணிட்டு வாங்க. சுலபமா கேட்டா எனக்குக் கோபம் வரும்.”

முன்னால் விழுந்த கைதட்டலைவிட இது பெரிதாக இருந்தது. ஸ்ரவந்தி தட்டைக் கீழே வைத்தாள். அவள் காலையிலிருந்து கேட்க நினைத்த இரண்டு வார்த்தைகள், அவள் கெஞ்சாமலே வந்துவிட்டன.

கூட்டம் மேடையை நோக்கி வந்தபோதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு நீலப் புடவை எழுந்ததைப் பார்த்தாள். கைப்பையை மார்போடு அணைத்தபடி ஹைமவதி நேராக நடந்து வந்து, யாரையும் பார்க்காமல், புடவைத் தலைப்பால் கணவரின் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

“வரமாட்டேன்னியே?” என்றார் அவர்.

“கடைசி வரிசைன்னா வந்ததா கணக்கில்ல.”

“நாலாவது அடி எப்படி?”

“நல்லா இருந்துது. கொஞ்சம் உட்காருங்க.”

சந்நியாசி ராஜு ஸ்ரவந்தியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். அவர் முகம் சங்கடத்தில் கோணியிருந்தது.

“அம்மா, தான் விலகிட்டதா உங்க நான்னா மேடையில சொல்வார்னுதான் காத்திருந்தேன், இப்படி அறிவிப்பார்னு எதிர்பார்க்கலை. அடுத்த உகாதின்னா எப்படி? காலையிலேயே உங்க வீட்டுல இருந்து போன் வந்துதே. அவதானிகாரு இனிமே சதாவதானமே செய்யமாட்டார், அடுத்த வருஷமும் வேண்டாம், வேற யாரையாவது பார்த்துக்குங்கன்னு. நாங்க மத்தியானமே கர்னூல் அவதானிக்கு வாக்குக் கொடுத்துட்டோம். ரெண்டு வருஷத்துக்கு.”

“போன் பண்ணினது யார்?”

“உங்க அம்மாகாரு. உங்க நான்னாவுக்குத் தெரியாதா?”

ஸ்ரவந்தி நிமிர்ந்தாள். கூட்டத்துக்கு நடுவே அப்பா யாருக்கோ கை கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலாக ஹைமவதி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜு என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பார்வையைத் தாழ்த்தவில்லை.

பக்கத்தில் வந்து, மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நான்தான் பண்ணினேன். நூறு பேர் முன்னாடி அவர் தலைகுனியறதை என்னால பார்க்க முடியாது. மீதியை வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். அதுவரைக்கும் அவரைச் சிரிக்க விடு.”